முள் இல்லாத வாது

பாப்பா, தம்பி,

நம் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற எலுமிச்சை மரத்தை உங்கள் மாமா வெட்டிச் சாய்த்தபோது நீங்கள் இரண்டு பேரும் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தடுக்கவில்லை. அதனால், மரத்தின் மேல் சொன்ன பழி உண்மைதான், அப்பாவே ஒத்துக்கொண்டார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். நீங்களும் பாவம், அப்பா அழப்போகிறார் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்துவிடுகிறீர்கள்.

நான் படித்தது பத்தாவது வரைக்கும். இதில் வருகிற விஷயங்களை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கண்ணால் பார்த்ததும் வாய்விட்டுக் கேட்டதும்தான். பாப்பா, நீ பயாலஜி எடுத்திருக்கிறாய். நான் தப்பாக எழுதியிருந்தால் உன் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள். ஆனால் கேட்காமல் பயப்படாதே.

உங்கள் அம்மாவும் நானும் நர்சரியில் வேலை பார்த்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப் ரோட்டு ஓரத்துக்கு நிழல்மரம், மைன்ஸில் தோண்டிக் கொட்டின மண்மேட்டில் நட வேம்பு, புங்கன், குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்குப் பூச்செடி எல்லாம் அங்கேதான் வளரும். பிறகு எனக்குப் பர்மனென்ட் ஆயிற்று. அம்மா கடைசிவரை கான்ட்ராக்ட்தான். ஆனாலும் ஒட்டுக் கட்டுகிற வேலை வந்தால் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். விரல் சின்னது, ஆட்டம் இல்லாதது.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், பழமரங்களை ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடம் வந்து நர்சரியில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினார். எலுமிச்சையில் ஆராய்ச்சி. எலுமிச்சையில் முள் அதிகம், கொட்டை அதிகம். விதை போட்டாலும் ஒட்டுக் கட்டினாலும் பெரும்பாலும் தாய் மாதிரியேதான் வருகிறது. எப்போதாவது, எங்கேயாவது ஒரு மொட்டு தானாக மாறி வேறு மாதிரி வளருமாம். அதற்குக் காத்திருந்தால் ஒரு ஆயுள் போதாது. அதனால் மேடம் நல்ல மரத்திலிருந்து மொட்டு உள்ள குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, கதிர்வீச்சு கொடுக்கிற கோபால்ட் மெஷின் இருக்கிற தூர ஊருக்கு அனுப்பிக் கதிர் காட்டி வாங்கிக்கொண்டு வருவார். ஐஸ் பெட்டியில் கட்டுக் கட்டாக வரும். குறைவாகக் கதிர் பட்ட கட்டுக்கு வெள்ளை நூல், நடுத்தரத்துக்கு நீல நூல், அதிகம் பட்டதுக்குச் சிவப்பு நூல்.

முதல் நாள் ஒருத்தரும் தொடவில்லை. பெண்கள் எல்லாம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எட்டி நின்றார்கள். மேடம் சிரித்துக்கொண்டே ஒரு கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது கதிர் பட்ட குச்சி. கதிரை உள்ள வச்சிருக்கிற குச்சி இல்ல. எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தவங்க கையைப் புடிச்சா உங்க மேல எக்ஸ்ரே அடிக்குமா? அதே மாதிரிதான்."

"அப்ப அந்தக் கதிரு இன்னாதான் பண்ணும் மேடம்?" என்று கேட்டது உங்கள் அம்மாதான்.

"ஒவ்வொரு மொட்டுக்குள்ளயும் இந்த மரம் எப்படி வளரணும்னு எழுதி வச்சிருக்கு. கதிர் உள்ள போயி அங்கங்க ஒரு எழுத்தை அடிச்சிடும். எந்த எழுத்து அடிபடும்னு நமக்குத் தெரியாது."

"கண்ணக் கட்டிகினு கல்லு எறியிற மாதிரிங்களா?"

"அதேதான்."

"மாங்கா மேல பட்டா சரி. மண்டை மேல பட்டா?"

"நிறைய மண்டையிலதான் படும். அதான் இத்தனை குச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா போய் மேடம் மடியிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கை நீட்டினார்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாற்றின் பட்டையில் கத்தியால் டீ எழுத்து மாதிரி ஒரு கீறல். குச்சியிலிருந்து ஒரு மொட்டை, இலைக்காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்க, பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். அதைக் கீறலுக்குள் சொருகி, மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் மொட்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு கை செடியைப் பிடித்திருக்கும், ஒரு கை நாடாவை இழுத்துப் பிடித்திருக்கும். நுனியை அறுக்க மூன்றாவது கை கிடையாது. எல்லோரும் கத்தியைத் தேடுவார்கள். அம்மா குனிந்து பல்லால் கடித்து அறுத்துவிடுவாள்.

மேடம் பார்க்கிறபோதெல்லாம் திட்டுவார். "ஏம்மா, வாயில வைக்காத. மண்ணு, பூச்சி மருந்து எல்லாம் ஒட்டியிருக்கும்." அம்மா தலையை ஆட்டுவாள். மேடம் அந்தப் பக்கம் திரும்பினதும் 'டப்'பென்று கடிக்கிற சத்தம் கேட்கும். நானும் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு ரெண்டு கையிலயே இவ்ளோ நேரம் ஆவுது, எனக்கு புத்தி சொல்ல வந்துட்டீங்க" என்பாள்.

சிவப்பு நூல் கட்டில் ஒன்றும் பிழைக்கவில்லை. மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. வெள்ளை நூல் எல்லாம் பிழைத்தது. ஆனால் சாதாரண எலுமிச்சையாகவே நின்றது. நீல நூல்தான் மேடத்துக்கு வேண்டியது. பாதி செத்து, பாதி பிழைக்கும். பிழைத்ததெல்லாம் நல்லதாக மாறிவிடும் என்றும் இல்லை. வெளிறின இலை, முறுக்கின இலை, வளராமல் குந்தின செடி என்று பல தினுசாக இருந்தது. மேடம் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து எழுதுவார். சில வருஷம் போயிற்று. எதிர்பார்த்தது வரவில்லை. ஆராய்ச்சிக் காலமும் முடிந்தது. அந்த மூலையைக் காலி செய்து பூச்செடிக்கு விடச் சொல்லிவிட்டார்கள்.

செடிகளைப் பிடுங்குகிற அன்று அம்மா ஒன்றைச் சாக்கில் வைத்துச் சைக்கிள் பின்னால் கட்டச் சொன்னாள். மேடத்திடம் கேட்டுத்தான் எடுத்தாள். இலையெல்லாம் ஒரு பக்கமாகச் சுருண்ட செடி.

"இத்தினி செடில இதுதான் கெடச்சிதா?" என்றேன்.

"எல்லாம் சும்மா நிக்குது. இது மட்டும் மூஞ்சிய சுளிச்சிகினு நிக்குதுங்க. பாவமா இருக்குது."

"உன் தம்பி மாதிரியே இருக்குது."

"எங்க தம்பிய ஏன் இழுக்கறீங்க? அவன் கரும்பு லோடு ஏத்திகினு சிவனேன்னு இருக்கான்."

உங்கள் மாமாவை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். நெல்லிக்குப்பத்தில் அவர்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போய்விட, இவள் இடுப்பிலேதான் அவன் இருந்தானாம். அதை மனதில் வைத்துக்கொண்டு இனிமேல் வருவதைப் படியுங்கள்.

செடி நம் வீட்டுப் பின்னால் வந்து நேராகிவிட்டது. சுருட்டல் போய், மற்ற எலுமிச்சை மாதிரியே வளர்ந்தது. இலைமேல் எப்போதும் சாம்பல் தூசி படிந்திருக்கும். மழை பெய்தால் ஒரு நாள் பச்சையாக இருக்கும். முள் மட்டும் அசாத்தியம். ஒவ்வொரு இலைக்கு அடியிலும் ஒன்று. தம்பி, நீ நடக்கப் பழகின காலத்தில் அந்த முள் உன் குதிகாலில் ஏறி, அம்மா ஊக்கால் எடுத்துவிட்டாள். பழம் பறித்த நாளெல்லாம் அவள் முன்னங்கையில் கோடு கோடாக இருக்கும். அதன்மேலேயே உப்பும் காரமும் படப்பட ஊறுகாய் போடுவாள். பிளாக்கில் பாதிப் பேர் அந்த ஊறுகாய் சாப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஜாடியோடு வந்து வாங்கிப் போவார்.

ஒருநாள் நான் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். மதில் பக்கம் சாய்ந்த ஒரு கிளைக்குள், வாதுக்குள், தோள்வரை கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

"ஏங்க, இங்க வந்து கைய வுடுங்க. பாக்காதீங்க. சும்மா வுடுங்க."

விட்டேன். இலை தட்டியது, காய் தட்டியது. வேறு எதுவும் தட்டவில்லை.

"முள்ளு எங்கங்க?" என்றாள். அவள் கண் அப்படி விரிந்து நான் அதற்கு முன் பார்த்தது பாப்பா பிறந்தபோதுதான்.

அந்த ஒரு வாது மட்டும். அதன் மேலும் கீழும் இருந்த வாதெல்லாம் பழையபடி முள். மேடம் அப்போது வேறு ஊருக்குப் போயிருந்தார். போன் செய்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து வந்துவிட்டார். வாதைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: கதிர் பட்ட மொட்டில் ஒரு ஓரம் மட்டும் மாறியிருக்கும், அந்த ஓரம் இத்தனை வருஷம் உள்ளேயே ஒளிந்து வளர்ந்து, இப்போது ஒரு வாதாக வெளியே வந்திருக்கிறது. "ஆனா இதுலயும் ரெண்டும் கலந்துதான் இருக்கும்மா. பழைய மரமும் இருக்கு, புது மரமும் இருக்கு. பழசு எப்ப வேணா ஜெயிச்சிடும். இதுலேர்ந்து மொட்டு எடுத்துக் கட்டு. முள்ளு வர்ற செடியத் தள்ளு. வராததுலேர்ந்து திரும்ப எடுத்துக் கட்டு. அப்படியே கட்டிக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல புது மரம் மட்டும் நிக்கும். நின்னாதான் நிச்சயம்."

அம்மா பெயின்ட் டின்களை ஓட்டை போட்டு நாற்று வைத்து, மொட்டுக் கட்டினாள். டின்னெல்லாம் குழாயடியில் வரிசையாக நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதிக்கு மேல் முள் விட்டது. அதையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். இரண்டு டின்னில் மட்டும் முள் வரவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் அந்த இரண்டையும் விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டுத்தான் டீ வைப்பாள்.

அந்த வருஷம்தான் அவள் மார்பில் கட்டி.

மருத்துவமனைக் கதை முழுக்க எழுதப்போவதில்லை. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டிற்று. எல்லாம் நீங்கள் பார்த்தது. பார்க்காதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

மருந்துக்குப் பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் அதைச் சொன்னதும் அம்மா, "நாங்க நெய்வேலிங்க. ஊருக்கே கரண்ட் குடுத்துட்டு, எனக்கு வைக்க இங்க வந்திருக்கறேன் பாருங்க" என்று சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். வலியில்லாத நாளில் அந்த வார்டே அவளால் கலகலப்பாக இருக்கும்.

முதல் நாள் அவள் மார்பிலும் தோளிலும் ஊதா மையால் கோடு போட்டு, அழியாமல் குளிக்கச் சொன்னார்கள். கனமான கதவு உள்ள அறை. அவளைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். கொஞ்ச நேரம்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கறது இன்னா மெஷின்னு கேட்டேங்க. கோபால்ட்டாம்."

கழற்றி வைத்திருந்த அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.

"நம்ம குச்சிங்கள வச்ச அதே கோபால்ட்டு. கோடு போட்டுட்டாங்க, நூலு மட்டும் கட்டல." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எனக்கு எந்த நூலுங்க?"

வெள்ளை என்றால் ஒரு மாற்றமும் இருக்காது. சிவப்பு என்றால் சொல்ல வேண்டியதில்லை. "நீலம்" என்றேன்.

"அப்ப பாதிக்குப் பாதி" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அப்படிச் சாய்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த பெஞ்சில் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கதிர்தான். குச்சியை அதன்முன் வைத்து, 'மாறு, எப்படியாவது மாறு' என்று கேட்டோம். அவளை அதன்முன் படுக்க வைத்து, 'மாறின இடத்தை மட்டும் அழி, மற்றபடி இவள் பழையபடியே இருக்கட்டும்' என்று கேட்டோம். கதிருக்கு நாம் கேட்பது காது கேட்காது. அளவு தெரிந்தவர்கள் அளவு பார்த்து வைக்கிறார்கள். அதற்கு மேல் படுகிற இடம் பட்டதுதான்.

வெயில் காலம் முழுக்க நாங்கள் அங்கே இருந்தோம். உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டு, தலை வாரி, ஸ்கூலுக்கு அனுப்பியது பக்கத்து வீட்டு அக்கா. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு, உங்களுக்கும் இருக்க வேண்டும். அம்மா போனில் கேட்பாள்: "அக்கா, அந்த ரெண்டு டின்னு எப்பிடி இருக்குது?" "இருக்குது, இருக்குது, நீ உன் ஒடம்பப் பாரு" என்பார் அக்கா.

திரும்பி வந்தபோது டின்னில் குச்சிதான் நின்றது. காய்ந்து, தொட்டால் ஒடிகிற குச்சி. அக்கா வாசலில் நின்று என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. துளசிக்குத் தண்ணி ஊத்தினேன், ரோஜாவுக்கு ஊத்தினேன். அந்தக் கதிர் செடிய மட்டும் தொட மனசு வரலைங்க. உங்க வூட்டுல இப்பிடி ஆனதுக்கப்புறம் பயமா இருக்குது. நானும் ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு இருக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வுடுங்க" என்றாள். "எம் புள்ளைங்கள அவங்க வாட வுடல. செடி போனா போவுது. வாது இருக்குது இல்ல?"

என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மதில் பக்கம் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கை எலும்பாக இருந்தது. நுனிவரைக்கும் மெதுவாகத் தடவினாள்.

"இன்னும் வரலீங்க" என்றாள்.

அந்த வாதில் முள் திரும்ப வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது. முதுகெலும்பில், பிறகு ஈரலில். மறுபடி மொட்டுக் கட்ட அவளுக்குத் தெம்பு வரவேயில்லை. 'மழை வரட்டும், பட்டை நல்லா உரியும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மழை வந்தது. அவள் அப்போது கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

பேச்சு அதற்குப் பிறகுதான் பெரிதாயிற்று. துக்கத்துக்கு வந்தவர்கள் பின்பக்கம் கை கழுவப் போய், மரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒருத்தருக்கொருத்தர் கண் காட்டிக்கொண்டார்கள். ஊறுகாய் வாங்கித் தின்றவர்கள்தான். யாரையும் நான் நோகவில்லை. ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது தம்பி தட்டில் இருந்த எலுமிச்சைத் துண்டை, பாப்பா, நீ எடுத்துக் குப்பையில் போட்டாய். போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினாய். அன்று என்னிடம் வந்து கேட்டாயே: "அப்பா, நாங்களும் சின்ன வயசுலேர்ந்து அந்தப் பழத்ததான சாப்பிட்டோம். எனக்கும் வருமா?"

மரம்தான் காரணம் என்றால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மா. அந்தப் பழத்தைப் பிழிந்து உங்களுக்குக் கொடுத்தது அம்மா. உங்கள் மனதில் அவள் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியாது.

அதனால் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் அழுதார். பிறகு நர்சரியில் அன்று சொன்னதையே நிதானமாகத் திரும்பச் சொன்னார். அது கதிர் பட்ட குச்சி, கதிரை வைத்திருக்கிற குச்சி இல்லை; அதில் காய்த்த பழமும் மற்றப் பழம் மாதிரிப் பழம்தான். அது போதவில்லை எனக்கு. அம்மாவைப் பார்த்த டாக்டரிடமே போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்ததும் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த மரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. உங்க பசங்க தாராளமா அந்தப் பழத்தைச் சாப்பிடலாம். இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்."

"அப்ப எதனால சார் வந்துச்சு?"

"நிறைய பேருக்கு எதனாலன்னு சொல்ல முடியறதில்லைங்க. உங்க மனைவிக்கும் அப்படித்தான். அவங்க செஞ்ச எதனாலயும் வரல."

பாப்பா, தம்பி, இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மேலே உள்ளது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவள் செய்த எதனாலும் வரவில்லை. உங்களுக்கு எந்தப் பழமும் எதையும் கொடுத்துவிடவில்லை. பாப்பா, வயது வந்தால் டாக்டரிடம் காட்டிக்கொள்வது எல்லாப் பெண்களும் செய்ய வேண்டியது, நீயும் செய். அது மரத்துக்காக இல்லை.

தெவசத்துக்கு உங்கள் மாமா வந்தான். படையல் முடிந்து, இலை எடுத்ததும், பையிலிருந்து கோடாலியை எடுத்தான். பஸ்ஸில் சாக்குச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

"மாமா, இன்னும் இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? எங்க அக்காவத் தின்ன மரம்."

"மரம் இன்னா பண்ணிச்சு மாப்ள?"

"இன்னா பண்ணிச்சா? கதிர் வச்ச குச்சிக்குக் கட்டு போட்டுட்டு, அந்த நாடாவ பல்லால கடிச்சிக் கடிச்சித்தான அக்கா அறுக்கும்? எத்தினி வாட்டி நானே பாத்திருக்கறேன்? வாய் வழியா உள்ள போவாதா? அதான் வந்திச்சு."

மேடம் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து எல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"அப்ப எதனால மாமா? நீங்களே சொல்லுங்க. எங்க அக்காவுக்கு எதனால வந்திச்சு?"

டாக்டரிடமே இல்லாத பதில் என்னிடம் எப்படி இருக்கும்? இவனைத் தூக்கி வளர்த்தவள் போய்விட்டாள். கோபப்பட அவனுக்கு ஒரு ஆள் கிடையாது, ஒரு இடம் கிடையாது. காரணம் இல்லை என்பதை வைத்துக்கொண்டு அவன் ஊருக்குத் திரும்ப முடியாது. ஒரு மரத்தை வெட்டிவிட்டால் திரும்பிவிடுவான். ஜன்னலைப் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பாப்பா, உன் முகத்தில் 'வெட்டிடுங்கப்பா' என்று இருந்தது. ஒரு வருஷமாக நீ துணி காயப்போடக்கூடப் பின்பக்கம் வருவதில்லை.

"வெட்டு மாப்ள" என்றேன்.

அவன் வெட்டினான். முள் அவனை விடவில்லை. கை, முகம், தோள் எல்லாம் கிழித்தது. ரத்தத்தோடு, அழுதுகொண்டே வெட்டினான். 'அக்கா, அக்கா' என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொன்னான். மரம் சாய்ந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து அவன் கையில் தடவிவிட்டார். எல்லோரும் சேர்ந்து வாதுகளைக் கழித்து, காலையில் குப்பை வண்டி எடுக்கட்டும் என்று மதிலோரம் குவித்தோம். சாயங்கால பஸ்ஸுக்கு அவன் கிளம்பும்போது, "மனசு இப்பதான் கொஞ்சம் ஆறுச்சு மாமா" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அவனைப் பஸ் ஏற்றிவிட்டு நான் வந்தபோது நீங்கள் அக்கா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதுவரை எழுதியது உங்களுக்குத் தெரிந்த நாள். இனி எழுதுவது நான் தனியாக இருந்தபோது செய்தது.

பின்பக்கம் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. குவியலில் எல்லா வாதும் ஒன்றுபோலக் கிடந்தது. வாட ஆரம்பித்த இலையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். குத்தியது. எடுத்து வேறு இடத்தில் விட்டேன். குத்தியது. முழங்கைவரை கோடு விழுந்தது. ரொம்ப அடியில், ஓர் இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இலை, காய், மறுபடி இலை. அதைப் பிடித்து இழுத்து எடுத்தேன்.

குழாயடியில் அந்தக் காய்ந்த டின் ஒன்றில், பிழிந்து எறிந்த கொட்டையிலிருந்து ஒரு நாற்று தானாக முளைத்துப் பென்சில் கனத்துக்கு வந்திருந்தது. ஷெல்ஃபில் அம்மாவின் சின்னக் கத்தியும், மிச்சமிருந்த நாடாச் சுருளும் அப்படியே இருந்தன. டின் முன்னால் உட்கார்ந்தேன். கீறினேன். பட்டை உரிந்தது. மொட்டைச் சீவிச் சொருகி, கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டினேன். ஒரு கை செடியில், ஒரு கை நாடாவில். கத்தி கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. எட்டினால் எடுத்திருக்கலாம்.

குனிந்து, நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தேன்.